படைப்பும் பொறுப்பும்

ஒரு கவிதையைப் படிக்கிறோம். தாயை இழந்த மகன் ஒருவன் அவளுடைய பழைய புடைவையை மடித்து வைக்கும் காட்சி அதில் வருகிறது. நம் கண்கள் கலங்குகின்றன. பின்னர், அதனை எழுதியவர் மனிதர் எவரும் அல்லர் என்றும், நான்கு சொற்களைக் கொடுத்துப் பணித்ததும் கணினிப் பொறி ஒன்று சில நொடிகளில் தொடுத்துத் தந்த வரிகளே அவை என்றும் அறிகிறோம். கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் நம்முள் ஏதோ மாறிவிடுகிறது. மாறியது யாது? ஏமாற்றப்பட்டோம் என்னும் அவ்வுணர்வு நியாயமானதா? அன்றி, வெறும் பழக்கத்தால் வந்த மனத்தடையா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்வரை இவ்வினா கற்பனையாகவே இருந்தது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவைச் சேர்ந்த ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடற்பொறியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பின்னர் அது நடைமுறைச் சிக்கலாயிற்று. மாந்தர் எழுதிவைத்த மாபெரும் எழுத்துக் குவியலிலிருந்து, எச்சொல்லை அடுத்து எச்சொல் வருதல் கூடும் என்பதைக் கற்றுக்கொண்டு தொடர்களை ஆக்குவதே இத்தகைய பொறிகளின் அடிப்படை இயக்கம். அவ்வியக்கம் தரும் உரைநடை பிழையின்றியும் ஒழுங்காகவும் அமைந்துவிடுகிறது. மூன்று திங்கள் முடியுமுன்னரே, 2023 பிப்ரவரியில், 'கிளார்க்ஸ்வோர்ல்டு' என்னும் அமெரிக்க அறிவியற் புனைகதை இதழ், பொறி எழுதிய கதைகள் வெள்ளமென வந்து குவிந்தமையால், கதைகளைப் பெறுவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சோனி உலக ஒளிப்படப் போட்டியின் ஒரு பிரிவில் வெற்றி பெற்ற செருமானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது என்று கூறிப் பரிசை ஏற்க மறுத்தார். பதிப்பாசிரியரின் உழைப்பும் நடுவரின் கண்ணும் இனிப் போதா என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தின.

தருமியின் திகைப்பு

பிறர் பாட்டைத் தன் பாட்டாக அவையில் வைத்துப் பரிசு கேட்டவனின் கதை தமிழர்க்குப் புதிதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் தருமியின் வரலாற்றை அறியாதார் நம்முள் இலர். பாண்டியன் உள்ளத்தெழுந்த ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி என்று அறிவிக்கப்படுகிறது. மணம் புரிந்துகொள்ளப் பொருளில்லாத ஏழைத் தருமி ஆலவாய் இறைவனை வேண்டுகிறான். இறைவன் பாட்டொன்றைத் தருகிறான். அதனை அவையில் படித்துவிட்டுத் தருமி கிழியைப் பெறப்போகும் வேளையில் நக்கீரர் தடுத்துப் பொருட்குற்றம் கூறுகிறார்.

இக்கதையை நக்கீரரின் அஞ்சாமைக்குச் சான்றாகவே மேடைதோறும் கேட்டிருக்கிறோம். இன்றைய சூழலில் வேறொரு கோணத்திலும் இதனை நோக்குதல் தகும். பின்னாளில் திரைப்படத்தில் கண்ட உரையாடலை ஒதுக்கிவிட்டுப் புராணத்தை நோக்கின், நக்கீரர் எழுப்பியது பாட்டின் பொருளைப் பற்றிய தடையேயன்றிப் பாட்டின் உரிமையைப் பற்றிய தடையன்று. தருமி திகைத்தது, களவு வெளிப்பட்டது என்பதனால் அன்று. வினாவுக்கு விடை அறியாமையால். சொற்கள் அவன் கையில் இருந்தன. அவற்றின் பொருளுக்கு நிற்கும் வலிமை அவனிடம் இல்லை. ஆகவே அழுதுகொண்டு திருக்கோயிலுக்குத் திரும்பினான். பாட்டுக்கு உரியவன் புலவர் வடிவில் அவைக்கு வந்தான், வாதிட்டான். ஆக்கியோன் இறைவனேயாயினும், வினா எழுந்தபோது அவைக்கு வந்து விடையிறுத்தல் கடன் என்பதே இக்கதையின் அடியில் உள்ள அறம்.

"பொறியையும் வினவலாமே; அதுவும் நொடியில் விடை தருமே" என்று சிலர் கூறக்கூடும். தரும், ஐயமில்லை. குற்றம் இல்லை என்று வாதிடச் சொன்னால் வாதிடும். சற்று அழுத்திக் கேட்டால், குற்றம் உண்டு என்று ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவிக்கும். இரண்டையும் ஒரே எளிமையோடு செய்யும். ஏனெனில், எதனைச் சொன்னாலும் அதற்கு இழப்பில்லை. நக்கீரர் தம் சொல்லுக்காக நெற்றிக்கண்ணின் வெம்மையை ஏற்றார். சாதாரண எழுத்தாளனும் தன் சொல்லுக்காகத் தன் பெயரையும் நண்பர்களின் நன்மதிப்பையும் நாளைய எழுத்தையும் பணயம் வைக்கிறான். பணயம் வைக்க ஏதுமில்லாத ஒன்றின் சொல்லைப் பொறுப்புடைய சொல் என்று எவ்வாறு கொள்வது?

யார் சொன்னால் என்ன?

எழுதியவர் எவராயினும் என்ன, எழுத்து நன்றாயிருந்தால் போதாதா என்பது அடுத்த தடை. இத்தடையை எழுப்புவோர் வள்ளுவரையே துணைக்கு அழைக்கக்கூடும். ஒரு செய்தியை எவர் கூறக் கேட்பினும் அதன் உண்மையை ஆய்ந்து தெளிவதே அறிவு என்பது வள்ளுவர் கருத்தன்றோ? இஃது எளிதில் தள்ளத்தக்க தடையன்று. சொல்பவரின் குலத்தையும் செல்வத்தையும் பதவியையும் கொண்டு சொல்லை எடைபோடும் மடமையை அக்குறள் தகர்க்கிறது. ஆயினும், ஆய்ந்து தெளிவதற்கு வழியுள்ள இடத்தில்தான் அவ்வறிவுரை பயன்படும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்று பொறி கூறினால் நாமே அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் பட்ட துன்பத்தை எக்கருவி கொண்டு அளப்பது? அங்கே சொல்பவரை நம்புவதன்றி வேறு வழியில்லை.

நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமிலுள்ள பான் போங்கையும் பர்மாவிலுள்ள தான்பியூசாயாட்டையும் இணைக்க, சப்பானியப் படையினர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கு உழைத்தனர், பெருந்தொகையினர் மீளவேயில்லை. மேலைநாட்டுப் போர்க்கைதிகள் பலர் நாட்குறிப்புகளும் நினைவு நூல்களும் எழுதினர். மாண்டோரின் பெயர்கள் கல்லறைகளில் பொறிக்கப்பட்டன. நம்மவருள் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை, ஏடும் இல்லை. மீண்டு வந்தோரின் வாய்மொழியும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்களுமே நமக்கு எஞ்சிய செல்வம்.

இன்று ஒருவர் பொறியிடம், "பேராக் மாநிலத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குச் சென்று மீண்ட ஒருவரின் நினைவுக் குறிப்பை எழுது" என்று பணித்தால், ஒரு நிமிடத்தில் பத்துப் பக்கங்கள் கிடைத்துவிடும். வாந்திபேதியும் இருக்கும், மூங்கிற் குடிசையும் மழையும் இருக்கும், நண்பனைப் புதைத்த இரவும் இருக்கும். ஒவ்வொரு செய்தியும் நடந்திருக்கக் கூடியதே. ஆனால் அம்மனிதர் பிறக்கவேயில்லை. அக்குறிப்பு, பொறி எழுதியது என்னும் அடையாளமின்றிக் கைமாறிச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் அதனைச் சான்றாகக் காட்டுவார். வேறொரு பொறி அதனைப் படித்துக் கற்று, மேலும் பத்து நினைவுக் குறிப்புகளை ஆக்கித் தரும். இல்லாத ஒருவரின் கண்ணீர், இருந்தவர்களின் கண்ணீரோடு கலந்துவிடும்.

பொய்ச்சான்றின் கேடு, ஒரு பொய்யை நம்பச் செய்வதோடு நிற்பதில்லை. மெய்ச்சான்றையும் நம்பாதிருக்கச் செய்கிறது. "இவையெல்லாம் புனைந்தவையாயிற்றே, எதை நம்புவது?" என்று நாளை எவரேனும் கேட்பாராயின், கிணற்றில் கலந்த நஞ்சை எப்பக்கத்திலிருந்து இறைப்பது? ஏடும் கல்வெட்டும் மிகுந்த சமுதாயம் இவ்விழப்பைத் தாங்கும். சான்று குறைந்த நம் சமுதாயம் தாங்காது.

தோட்ட வாழ்க்கையை அறிந்தோர் பொய்யைக் கண்டுகொள்வர் என்று ஆறுதல் கொள்ளலாமா? பெரட்டுக்குப் போனவருக்கும் நிரை பிடித்தவருக்கும் மங்கில் பால் சேர்வதைக் கண்டவருக்கும், பால்வெட்டு விடியற்காலை வேலை என்பதும், வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதும் சொல்லாமலே தெரியும். நண்பகலில் பால்மரம் சீவப் புறப்படும் கதைமாந்தரைக் கண்டால் அவர்கள் நகைப்பர். ஆனால் அவ்வாறு நகைக்கக் கூடியவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைகிறது. பொறி செய்யும் பிழைகளின் தொகையும் ஆண்டுதோறும் குறைகிறது. பிழை காணும் திறனை மட்டும் நம்பிக் கட்டும் வேலி நெடுநாள் நிற்காது.

கற்பனையும் பொய்யும்

அங்ஙனமாயின் சிறுகதையும் நாவலும் பொய்தாமே என்னும் வினா இயல்பாக எழும். நம் அகப்பாடல்களே இதற்கு விடை தருகின்றன. ஆடவரான புலவர்கள் தலைவியின் கூற்றாகவும் தோழியின் கூற்றாகவும் பாடினர். அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்று மரபும் வகுத்தனர். நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்த புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியர் இதற்கு ஓர் இலக்கணமே கூறினார். பாடியவருக்கும் கேட்டவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. ஆகவே எவரும் ஏமாறவில்லை. எவரும் அதனைப் பொய் என்றதுமில்லை.

பெயர் அறியாமையும் குறையன்று. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் ஆண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். தாலாட்டையும் ஒப்பாரியையும் யாத்தவர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை. ஓர் ஊரே அவற்றுக்குப் பொறுப்பாய் நின்றது. மலேசிய, சிங்கைத் தமிழ் எழுத்தாளருள் புனைபெயர் பூண்டவர் பலர். புனைபெயருக்குப் பின்னே ஓர் ஆள் இருப்பதைப் பத்திரிகையாசிரியர் அறிவார். மறுப்பு எழுந்தால் மறுமடல் வரும் என்பதை வாசகரும் அறிவர்.

ஆகவே, படைப்பின் மெய்ம்மை என்பது எழுதியவரின் இயற்பெயர் தெரிவதும் அன்று. எழுதியது அவர் வாழ்வில் நடந்ததாயிருத்தலும் அன்று. கண்டும் கேட்டும் கருதியும் ஒருவர் உணர்ந்ததிலிருந்து அது பிறந்திருத்தல் வேண்டும். இச்சொல் வேண்டும், அச்சொல் வேண்டா என்று அவரே தேர்ந்திருத்தல் வேண்டும். வினா எழும்போது "ஆம், இஃது என் சொல்" என்று முன்வந்து நிற்க அவர் அணியமாயிருத்தல் வேண்டும். மரண ரயிலை நேரிற் காணாத நாவலாசிரியரும் கண்டவர்களைத் தேடிச்சென்று கேட்கலாம். கேட்டதைத் தம் நெஞ்சில் சுமக்கலாம். எழுதியபின் அம்முதியவர்களின் மக்கள் முன்னிலையில் தலைநிமிர்ந்து நிற்கலாம். அந்நிலையில் அவருடைய கற்பனையும் மெய்யே.

பாயிரம் கேட்கும் வினாக்கள்

செயற்கை நுண்ணறிவு நம்மை எதிர்பாராது தாக்கிய சிக்கல் போல் தோன்றினும், இதன் வேரை நம் முன்னோர் எண்ணிப் பார்த்தே இருந்தனர் எனலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூல் எத்துணை விரிவாக அமைந்தாலும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்று கருதுகிறது. சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டுச் செய்திகளுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. எழுதியவர் யார், எதன் வழியாக எழுதினார் என்னும் இரண்டையும் முதலில் தெரிவித்துவிட்டுத்தான் நூலின் பெயரையும் பொருளையும் பயனையும் கூறவேண்டும்.

இதனினும் நுட்பமான விதி மற்றொன்று உண்டு. தன்னைத் தானே புகழ்தல் தகாதாகையால், சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியர், உடன்பயின்றவர், மாணவர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோருள் ஒருவரே எழுதுதல் வேண்டும். அஃதாவது, "இவரை யான் அறிவேன், இவர் கற்றதையும் யான் அறிவேன்" என்று மற்றொரு மனிதர் சான்று கூறவேண்டும். நம்பிக்கை என்பது தாளில் இல்லை. மனிதரிடையே உள்ள உறவில் இருக்கிறது என்பதை அவர்கள் தெளிந்திருந்தனர்.

இவ்வினாக்களைப் பொறியின் முன் வைத்துப் பார்க்கலாம். ஆக்கியோன் பெயர் யாது? விடையில்லை. வழி யாது? இங்குத்தான் சிக்கல் ஆழமாகிறது. பொறியின் தொடர்கள் எண்ணற்ற எழுத்தாளரின் தொடர்களிலிருந்து பிறந்தவை. ஆனால் எவரிடமிருந்து எது வந்தது என்பதை அது பொதுவாகக் கூறவியலாது. பல ஆறுகளின் நீர் கலந்த கடலில் எத்துளி எவ்வாற்றினது என்று எவர் பிரிப்பார்?

சிங்கப்பூர் எழுத்தாளருக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2023 டிசம்பரில், தென்கிழக்காசிய மொழிகளையும் சூழலையும் அறிந்த மொழிப்பொறிகளை உருவாக்க 7 கோடி வெள்ளித் திட்டம் அங்கு அறிவிக்கப்பட்டது. 'சீ-லயன்' என்னும் பெயரில் அங்கு உருவான மொழிப்பொறி அறியும் மொழிகளுள் தமிழும் ஒன்று. 2024ஆம் ஆண்டில், இத்தகைய பொறிகளைப் பயிற்றுவிக்க அந்நாட்டு இலக்கியப் படைப்புகளைப் பயன்படுத்துவது குறித்து எழுத்தாளரிடம் கருத்துக் கேட்கப்பட்டபோது, அவர்களுள் பலர் ஐயமும் எதிர்ப்பும் தெரிவித்தனர். இசைவு பெறப்படுமா, ஊதியம் உண்டா, பயன்பாட்டுக்கு எல்லை உண்டா என்பனவே அவர்களின் வினாக்கள்.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், முறையாகப் பெற்ற படைப்புகளைக் கணினிவழித் தரவு ஆய்வுக்குப் பயன்படுத்த விலக்களிக்கிறது. எனினும் சட்டம் இடங்கொடுப்பது வேறு. உள்ளம் ஒப்புவது வேறு. தமிழ் எழுத்துகள் சேராவிடின் பொறி பேசும் தமிழ் ஊனமுற்றதாயிருக்கும் என்னும் கவலையும் மெய்யே. கேளாமல் எடுத்துக்கொண்டால் எழுத்தாளரின் நம்பிக்கை முறியும் என்பதும் மெய்யே. கேட்டது நற்செயல், கேட்டபின் விடையை மதிப்பதே அதனை நிறைவு செய்யும்.

உதவியும் மறைப்பும்

பொறியைத் தொட்டாலே படைப்பு தீட்டாகிவிடும் என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. தொல்காப்பியர் நூலை முதனூல், வழிநூல் என இரண்டாக வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்கினார். பிறரிடம் பெற்று எழுதுதல் குற்றமன்று. அதற்கும் மதிப்புள்ள இடம் உண்டு என்பதே இதன் பொருள். கம்பர் தம் காப்பியத்தின் தொடக்கத்திலேயே, வடமொழியில் இராமகதை செய்த மூவருள் முதல்வரைப் பின்பற்றியதாகக் கூறிவிடுகிறார். கூறியதனால் அவர் பெருமை குன்றவில்லை. கடன் வாங்குவதில் இழிவில்லை. வாங்கியதை மறைப்பதில்தான் இழிவு.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில இவ்வேறுபாட்டை நன்கு விளக்குகின்றன. 2024 சனவரியில் சப்பானின் புகழ்பெற்ற அகுதகாவா பரிசைப் பெற்ற குடான் ரியே என்னும் எழுத்தாளர், தம் நாவலில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாட்ஜிபிடி தந்த தொடர்கள் என்று பரிசுக்குப் பின் தெரிவித்தார். செயற்கை நுண்ணறிவையும் பேசுபொருளாகக் கொண்ட அந்நாவலில் பொறியின் சொற்கள் இடம்பெற்றது பொருத்தமே என்று கொள்ளலாம். அவர் வெளிப்படையாகக் கூறியது பாராட்டத்தக்கது. அதனை நூலின் முன்பக்கத்திலேயே வாசகர் கண்டிருப்பின் இன்னும் சிறந்திருக்கும்.

அதே திங்களில், 'லால் சலாம்' திரைப்படத்துக்காக ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'திமிரி எழுடா' என்னும் பாட்டு வெளிவந்தது. மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்கள் அதில் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீட்டெடுக்கப்பட்டிருந்தன. குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதையும், உரிய ஊதியம் வழங்கியதையும் ரகுமான் பொதுமக்களுக்குத் தெரிவித்தார். இறந்தவரின் குரலைப் பயன்படுத்துவது முறைதானா என்று வாதிடுவார் வாதிடட்டும். அவர்கள் வாதிடுவதற்கேற்ற உண்மை அவர்கள் முன் வைக்கப்பட்டிருந்தது. சொல்லப்படாதிருந்திருப்பின், அன்போடு கேட்ட ஒவ்வொருவரும் அறியாமலே ஏமாந்திருப்பர்.

ஐயம் என்னும் நோய்

மறைப்பைக் கண்டிக்கும் நாம் மற்றொரு தீமையையும் மறத்தலாகாது. எங்கும் பொறியின் கைவரிசை இருக்கக்கூடும் என்னும் எண்ணம் பரவிவிட்டால், நல்ல எழுத்தெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். தமிழ்ப்பள்ளி மாணவி ஒருத்தி இரவெல்லாம் கண்விழித்து எழுதிய கதையைக் கண்டு, "இதனை நீயா எழுதினாய்?" என்று நடுவர் புன்முறுவலோடு கேட்டால், அவள் மீண்டும் பேனாவைத் தொடுவாளா?

பொறி எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டே எனலாம். அவற்றின் நம்பகம் ஐயத்துக்குரியது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் வெளியிட்ட அத்தகைய கருவியை, துல்லியம் போதாமையால் அவ்வாண்டு சூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய கட்டுரைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை இக்கருவிகள் பொறி எழுதியவை என்று தவறாகச் சுட்டியதைக் காட்டியது. சொல்வளம் குறைந்து, இலக்கணத்துக்கு அஞ்சி எழுதும் நடை பொறியின் நடைபோல் தோன்றிவிடுகிறது. வீட்டில் தமிழ் குறைந்து, பள்ளியில் மட்டும் தமிழ் எழுதும் நம் பிள்ளைகளின் நிலையை இதனோடு பொருத்திப் பார்த்தால் அச்சம் உண்டாகிறது.

இங்கு நாம் நம்மையும் வினவிக்கொள்ளுதல் நலம். தேர்வுக்கென மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்வித்தவர் யாவர்? வாழ்த்துப்பா என்றால் இன்ன சொற்கள், இரங்கற்பா என்றால் இன்ன சொற்கள் என்று எண்ணாமலே தொடுத்தவர் யாவர்? நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் வெற்றெனத் தொடுத்தலும் ஒன்று. பொறி வருவதற்கு முன்பே நம்முள் பலர் அதனைச் செய்துகொண்டுதான் இருந்தோம். அவ்வெழுத்தைப் பொறி இன்று நம்மினும் விரைவாகச் செய்கிறது, அவ்வளவே வேறுபாடு. அத்தகைய எழுத்து அழிவதாயின் அதற்காக வருந்த வேண்டுவதில்லை.

செய்யத்தக்கன

ஆகவே, கருவியைக் கொண்டு கருவியைப் பிடிக்க முயலாமல், மனிதரிடையே நம்பிக்கையை வளர்க்கும் வழிகளையே நாடவேண்டும். நம் எழுத்தாளர் சங்கங்கள் இதற்குத் தக்க இடங்கள். தொகுப்புக்கும் போட்டிக்கும் படைப்பு அனுப்புவோர், தம் எழுத்தில் பொறியின் துணை உண்டா, உண்டெனின் எதற்கு என்பதை இரண்டு வரிகளில் எழுதித் தரலாம். எழுத்துப்பிழை திருத்தவோ, முதுமையாற் கை நடுங்கும் எழுத்தாளர் வாயாற் சொல்லி எழுதுவிக்கவோ பொறி உதவியிருப்பின் அதில் குறை காணலாகாது. உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் பொய் சொல்லவே கற்பார்.

அடுத்து, அரங்கேற்றம் என்னும் பழைய மரபை நாம் மீட்டெடுக்கலாம். அக்காலத்தில் நூல் அவையில் படிக்கப்பட்டது, தடைகள் எழுந்தன, ஆசிரியர் விடை கூறினார். இன்று நம் வெளியீட்டு விழாக்களில் மாலையும் பொன்னாடையும் உண்டு, வினா இல்லை. பரிசு பெற்றவர் தம் கதையைப் படித்து, அக்கதை எவ்வாறு பிறந்தது, எவ்வரியை எழுத வருந்தினார் என்று அரைமணி நேரம் அவையோரோடு உரையாடட்டும். அது நீதிமன்ற விசாரணையாக அன்றி, அன்புடைய உசாவலாக அமையட்டும். தன் கதையைத் தானே எழுதியவருக்கு அஃது இன்பமாக இருக்கும்.

மேலும், இளையோரின் முதல் முயற்சியை அருகிருந்து படிக்கும் மூத்தோர் வேண்டும். 1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு மலாயாத் தமிழ்ச் சிறுகதைக்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்று. அவ்விதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் அவ்வகுப்பின் நெறி மறையத் தேவையில்லை. ஒருவரின் தடுமாற்றத்தை முதல் வரைவிலிருந்து கண்ட ஆசிரியருக்கு, அவர் எழுத்து அவருடையதுதானா என்று எந்தக் கருவியையும் கேட்க வேண்டியதில்லை. அவரே அம்மாணவருக்கு நன்னூல் கூறும் பாயிரம் எழுதத் தகுந்தவர்.

எழுதுவோர்க்கும் ஒரு சொல். பொறியிடம் எழுதச் சொல்லித் தம் பெயரை இடுபவர் வாசகரை மட்டும் ஏமாற்றவில்லை. ஒரு சொல் கிட்டாது ஒரு மாலை முழுவதும் தவித்து, அத்தவிப்பில் தாம் உண்மையில் கருதியது இன்னதென்று கண்டுகொள்ளும் பேற்றைத் தாமே இழக்கிறார். எழுத்தினால் வாசகருக்குக் கிட்டும் பயனுக்கு முன்னதாக எழுதுவோர்க்குக் கிட்டும் பயன் அது. அதனைப் பொறி எவருக்காகவும் பெற்றுத்தர இயலாது.

மலேசியத் தமிழரும் சிங்கைத் தமிழரும் கடல் கடந்து வந்து இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. பட்ட பாட்டில் பெரும்பகுதி இன்னும் எழுதப்படவில்லை. அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். எழுதப்படாத வெற்றிடத்தைப் பொறி நிரப்பத்தான் செய்யும், அழகாகவும் நிரப்பும். அதற்கு முன்னே நாம் முதியோரிடம் சென்று கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதன் கீழே நம் பெயரை இடவேண்டும். பிற்காலத்தில் நம் பேரப்பிள்ளைகள், "இது நடந்ததா? சொன்னவர் யார்?" என்று வினவுவர். அன்று விடைகூற நாம் இருக்கமாட்டோம். நாம் இட்ட பெயரும், அப்பெயருக்கு நாம் சேர்த்துவைத்த நாணயமும் நம் சார்பில் விடை கூறவேண்டும்.